ஷர்மிளா பானுவும் காளிராஜ் ஸ்டூடியோவின் நட்சத்திர ஃபில்டரும்

ஷர்மிளா பானு அக்காவிடம் நான் முதன்முதலில் போனதே ஏமாந்துபோய்த்தான். லென்ஸுக்கு முன்னால் திருகி மாட்டுகிற வட்டக் கண்ணாடி இருக்கிறதே, ஃபில்டர், அதில் பழையதாக ஒன்று வேண்டுமென்று இணையத்தில் தேடினேன். ‘1940, ஜெர்மனி, மஞ்சள்’ என்று ஒருவன் போட்டிருந்தான். வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகுதான் சந்தேகம் வந்தது. காரியாபட்டியில் பஸ் ஏறி அருப்புக்கோட்டை போய், பழைய ஃபில்டர் பற்றி விவரம் தெரிந்தவர் என்று கேள்விப்பட்டு, அக்கா வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அதை நீட்டினேன்.

அவர் எடுத்ததும் எழுத்தைப் படிக்கவில்லை. முதலில் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். நகத்தால் விளிம்பில் ஒரு தட்டு தட்டினார். பிறகு டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்து, கண்ணாடியில் விழும் வெளிச்சம் என்ன நிறமாகத் தெரிகிறது என்று பார்த்தார்.

“தம்பி, இது அலுமினிய வளையம். அந்தக் காலத்துப் பித்தளைன்னா கையில வச்சதுமே கனம் சொல்லிரும். லைட்டு ஊதாவாத் தெரியுது பாருங்க, கண்ணாடியில பூச்சு இருக்கு. இந்தா, இங்கன ‘வெஸ்ட் ஜெர்மனி’ன்னு வெட்டியிருக்கான். அப்படி ஒரு நாடு நாப்பத்தொம்பதுலதான் வந்துச்சு, தொண்ணூறுல போயிருச்சு. நாடே பொறக்கல, அதுக்குள்ள ஃபில்டர் பொறந்துருச்சா?”

கடையே சிரித்தது. கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்த பெரியவர்கூடச் சிரித்தார். அன்றிலிருந்து மாதம் இரண்டு முறையாவது நான் அந்தக் கடையில்தான் கிடக்கிறேன்.

அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. சொந்த ஊர் வீரசோழன். தினமும் காலை பஸ்ஸில் திருச்சுழி வழியாக அருப்புக்கோட்டை வந்து, நாளெல்லாம் பவர் கண்ணாடிகளை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்து மாட்டுகிறார். மடியில் எப்போதும் ஒரு நீல நிற பிஸ்கட் டின் இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் பிஸ்கட் என்றே நினைத்துக்கொள்வார்கள். ஒருநாள் ஒரு குழந்தை கேட்டு அழுது, திறந்து காட்டினால் உள்ளே கண்ணாடி துடைக்கும் துணியில் பொதிந்து இருபது முப்பது ஃபில்டர்கள். குழந்தை இன்னும் பலமாக அழுததாம். அடுத்த நாளிலிருந்து டின்னின் மூலையில் நிஜமாகவே நாலு பிஸ்கட்டும் வைத்துக்கொள்கிறார்.

எட்டு வருஷத்துக்கு முன் அவர் கணவர் சகாபுதீன், வேலைக்குப் போன அரபு ஊரான தம்மாமில் ஒரு பழைய சாமான் சந்தையில் கேமரா ஒன்று வாங்கி அனுப்பினார். அதில் ஒரு ஃபில்டர் இறுகிப்போய்க் கழற்ற வரவில்லை. வீட்டில் இருந்தவர்கள் இடுக்கியைத் தூக்கினார்கள். அக்கா விடவில்லை. புது ரப்பர் செருப்பு ஒன்றைக் கவிழ்த்து, ஃபில்டரின் முகத்தை அதன் மேல் அமுக்கி, ஒரே திருகு. வந்துவிட்டது. கையில் வந்த வளையத்தைப் பார்த்து, இது எந்த வருஷத்தில் செய்ததாக இருக்கும் என்று ஒரு கேள்வி வந்ததாம். ஊரில் யாருக்கும் தெரியவில்லை. தெரியாததே அவருக்குப் பிடித்துப்போயிற்று.

இப்போது ஒரு நீள நோட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு ஃபில்டர்கள் பதிவாகியிருக்கின்றன. அளவு, உலோகம், திருகு மரை, விளிம்பில் வெட்டிய கோடுகள், எழுத்தில் நிரப்பிய மையின் நிறம், டப்பா தோலா பிளாஸ்டிக்கா, எல்லாம். கடைசிக் கட்டத்தில் வருஷம். பல வரிகளில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். “தப்பா ஒரு வருஷம் சொல்றதுக்கு, தெரியலைன்னு சொல்லிட்டுப் போயிறலாம் தம்பி” என்பார்.

சகாபுதீன் அண்ணனின் குரல் செய்தி ஒன்றை எனக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். “ஏம்மா, ஊருல மத்தவுக பொண்டாட்டியெல்லாம் தங்க வளையல் கேக்குறாக. நீ மட்டும் கண்ணாடி வளையம் கேக்குற. அதுலயும் கீறல் விழுந்ததாப் பாத்துக் கேக்குற.” அக்காவின் பதில் அதற்குக் கீழேயே இருந்தது: “கீறலோட கெடந்த ஒங்களயே கட்டிக்கிறலையா?”

போன பங்குனியில், காளிராஜ் ஸ்டூடியோவின் தகரப் பெட்டி அக்காவிடம் வந்தது. அருப்புக்கோட்டையில் நாற்பது வருஷம் படம் எடுத்த காளிராஜ் காலமான பிறகு, கடையைக் காலி செய்த அவருடைய பிள்ளைகள் கொடுத்த பெட்டி. அதில் பதினான்கு ஃபில்டர்கள். அவற்றில் ஒன்றைப் பார்த்து அக்கா துள்ளினார். நட்சத்திர ஃபில்டர். கண்ணாடியில் மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கீறியிருக்கும். அதை மாட்டிப் படம் எடுத்தால் விளக்கு, நகை, எது மின்னினாலும் அந்த இடத்தில் நாலு கால் நட்சத்திரம் விழும். கல்யாண ஆல்பங்களில் பார்த்திருப்பீர்கள்.

அக்கா துள்ளியது அதற்காக இல்லை. வளையத்தின் விளிம்பில் புள்ளி புள்ளியாகத் தமிழில் வெட்டியிருந்தது: ‘காளி ஸ்டூ. ஆ.பூ. 80’.

“பாத்திரக்கடையில பேரு வெட்டுறாகள்ல, அந்த மெசினுல வெட்டியிருக்காரு தம்பி! ஜப்பான் ஃபில்டர்ல நம்ம ஊரு சருவச்சட்டி எழுத்து! ஆயுத பூஜைக்கு வாங்கி, சாமிக்கு முன்னால வச்சு, பேரு வெட்டியிருக்காரு. எண்பதாம் வருஷ ஆயுத பூஜை. எந்த நாட்டுக்காரனுக்கு இவ்வளவு சுத்தமா ஒரு தேதி கெடைக்கும், சொல்லுங்க?”

அதன் பின்பக்கத்தில் ஒரு பழைய பித்தளை வளையம் பசை வைத்து ஒட்டப்பட்டிருந்தது. காளிராஜின் லென்ஸுக்கு வாய் சிறியது, புது ஃபில்டரோ பெரியது. நடுவில் பொருந்துவதற்காக, பழைய ஃபில்டர் ஒன்றின் கண்ணாடியை எடுத்துவிட்டு வளையத்தை மட்டும் ஒட்டியிருக்கிறார். பசையில் கொஞ்சம் நூல் பிசிறு சிக்கியிருந்தது. அக்கா அதை நோட்டில் குறிக்கவே இல்லை. நெசவு ஊரில் நூல் பிசிறு ஒட்டாத பொருள் எது? டீக்கடை பெஞ்சிலும் பிசிறு, பஸ் சீட்டிலும் பிசிறு.

அந்த ஃபில்டரின் படத்தை அக்கா தன் இணையப் பக்கத்தில் போட்டார். அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரத்தில், நான் இருந்தபோதே, கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். லிங்கம்மாள், நாற்பத்தேழு வயது, தறி நெய்கிறவர். கூட அவர் தம்பி பாலமணிகண்டன். அப்பா ஒருவர், அம்மா வேறு. லிங்கம்மாள் கையிலிருந்த மஞ்சள் பையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஓர் இளம்பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். சிரிக்கலாமா வேண்டாமா என்கிற முகம். மூக்குத்தியில் ஒரு சின்ன நட்சத்திரம். படத்தின் பின்பக்கத்தில் காளிராஜ் ஸ்டூடியோவின் முத்திரை, தேதி இல்லை.

லிங்கம்மாள் நேராக விஷயத்துக்கு வந்தார். “தங்கச்சி, எங்கம்மா சௌடம்மாள் எண்பதாம் வருஷம் தையில போயிட்டாக. எனக்கு அப்ப ஒண்ணரை வயசு. மறு வருஷம் ஆவணியில எங்கப்பா சௌடப்பன், அம்மா கூடப்பொறந்த தங்கச்சியவே கட்டிக்கிட்டாரு. வெளியூருல இருந்தவுக, கல்யாணத்துக்கு அப்புறந்தான் இந்த ஊருக்கு வந்தாக. என்னைய வளத்ததும் அவுகதான். அப்பாவும் இல்ல, போன வருஷம் சின்னம்மாவும் போயிட்டாக. அவுக பெட்டியில சேலைக்கு அடியில இந்தப் படம் கெடந்துச்சு. அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஒரே சாயலாம். இது யாருன்னு சொல்ல ஒரு ஆளு உசுரோட இல்ல.”

“எங்கம்மா பெட்டியில இருந்தா எங்கம்மாதான?” என்றார் பாலமணிகண்டன். “வாற மாசம் வருஷத் திதி. பெருசாக்கி மாட்டலாம்னு பாத்தா, இவ குடுக்க மாட்டேங்குறா.”

“ஒனக்கு ரேசன் கார்டுலயாச்சும் ஒங்கம்மா மூஞ்சி இருக்குடா. எனக்கு என்ன இருக்கு?”

“மூக்குத்தியப் பாருக்கா, எங்கம்மா போட்டுருந்ததுதான!”

“அது எங்கம்மாதுடா! அவுக போனப்புறம் ஒங்கம்மாவுக்குப் போட்டாக.”

அதற்கு மேல் இரண்டு பேரும் வீட்டு மொழியான கன்னடத்துக்குப் போய்விட்டார்கள். எங்களுக்குப் புரியவில்லை, ஆனால் புரிந்தது.

அக்கா படத்தை வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தார். நட்சத்திரம். காளிராஜ் பெட்டியில் இருந்தது ஒரே ஒரு நட்சத்திர ஃபில்டர். அதை வாங்கியது எண்பது ஆயுத பூஜைக்கு. சௌடம்மாள் இறந்தது அதற்கு ஒன்பது மாதம் முன்னால், தையில். கணக்கு தானாகவே முடிந்துவிட்டது. அக்கா சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவர் வேண்டுமென்று செய்ததில்லை, ஆனால் இருந்தது.

“இந்த நட்சத்திரம் ஆயுத பூஜைக்கு அப்புறந்தான் விழுந்திருக்க முடியும்க்கா. இது ஒங்க சின்னம்மாதான்.”

லிங்கம்மாள் படத்தைத் திரும்ப வாங்கவில்லை. தம்பியிடம் கொடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். “அப்ப எங்கம்மாவுக்கு மூஞ்சியே இல்லையா?” என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. தம்பி ஜெயித்த மாதிரியே இல்லாமல் நின்றார். பிறகு, “வாக்கா, வண்டில ஏறு” என்றார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, பாலமணிகண்டன் அந்தப் படத்தைப் பெரிதாக ஸ்கேன் பண்ணி அக்காவுக்கு அனுப்பினார். மறு வாரம் புதன்கிழமை திதி. அடுத்த தெருவில் பிரேம் போடக் கொடுப்பதற்கு முன் கறையை நீக்க யாராவது தெரியுமா என்று கேட்டிருந்தார். அக்கா அதைக் கம்ப்யூட்டரில் திறந்து மூக்குத்திப் பக்கம் பெரிதாக்கினார். எனக்கு உடனே போன் வந்தது.

“தம்பி, ஒங்க கேமராவத் தூக்கிட்டு உடனே வாங்க.”

நான் போனபோது அக்கா மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். திரையில் அந்த நட்சத்திரம் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. அதன் நாலு காலும் கோடாக ஓடவில்லை. பாசி கோத்த மாதிரி, புள்ளி புள்ளியாக ஓடின. காளிராஜின் நட்சத்திர ஃபில்டரை என் லென்ஸுக்கு முன்னால் பிடித்து, ஒரு ஃபிரேமின் திருகாணி மின்னுவதைப் படம் எடுத்தோம். பத்துப் படம். பத்திலும் கால்கள் வழுவழுவென்று ஒரே கோடு. ஒரு புள்ளி இல்லை.

“இந்த ஃபில்டர் அந்தப் படத்தைப் பாத்ததே இல்ல தம்பி” என்றார் அக்கா. “நட்சத்திரம்னா ஃபில்டர்தான்னு நானா முடிவு கட்டிட்டேன். எத்தனையோ வரியில தெரியலைன்னு விட்ட கை. ஒரு பொம்பளையோட அம்மாவ, ரெண்டு நிமிசத்துல இல்லைன்னு சொல்லிருச்சு.”

“அப்ப எதுல எடுத்தது?”

“தெரியல. தெரியலைங்கிறதப் போய்ச் சொல்லணும்.”

ஞாயிற்றுக்கிழமை போனோம். வீட்டுக்குள் பாதி இடத்துக்குத் தறி. லிங்கம்மாள் தறியிலிருந்து எழுந்து வரவில்லை, ஆனால் குறுக்கே ஓடிக்கொண்டிருந்த நாடா நின்றது. பாலமணிகண்டனும் இருந்தார், திதிக்கு வாழையிலை யாரிடம் சொல்வது என்று பேசிக்கொண்டிருந்தார். சுவரில் ஆணி ஏற்கெனவே அடித்தாகிவிட்டது. படம் பிரேம் போட்டு, கீழே, சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

அக்கா உட்காராமலேயே சொன்னார். “நான் தப்புச் சொல்லிட்டேன்க்கா. அந்த நட்சத்திரம் இந்த ஃபில்டர் போட்டதில்ல. ஆயுத பூஜைக்கு முன்னாலயும் இருக்கலாம், பின்னாலயும் இருக்கலாம். எது போட்டதுன்னு எனக்குத் தெரியல. தெரியாம ஒங்க மனசக் கெடுத்துட்டேன்.”

“இப்ப வந்து சொல்லுறீகளே, புதன்கிழமை ஆளுக வந்துருவாகளே!” என்றார் பாலமணிகண்டன்.

“நீ சும்மா இருடா. இங்க குடு தங்கச்சி, அது என்னதான் சாமான்னு நானும் பாக்குறேன்.”

லிங்கம்மாள் ஃபில்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியை அவர் கவனிக்கவே இல்லை. பின்பக்கம், பித்தளை வளையம் ஒட்டிய பசையில் கண்ணை வைத்தார். துணியில் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ண வைத்திருக்கும் சின்னப் பூதக்கண்ணாடியைத் தறி மேலிருந்து எடுத்தார்.

“இது என்னது?”

“பிசிறுக்கா. துடைச்ச துணியில இருந்து ஒட்டியிருக்கும்.”

“பிசிறா?” லிங்கம்மாளுக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. “ஏ தங்கச்சி, கண்ணாடிக்கடையில வேலை பாக்குற, கண்ணு எங்க வச்சிருந்த? பிசிறுக்குக் குறுக்கும் நெடுக்குமா ஓடத் தெரியுமா? இந்தா நெடுக்க பாவு, இந்தா குறுக்க ஊடை. சுத்தி வளையம் பூராம் இருக்கு. இது நெய்ஞ்ச துணி. நல்ல சன்ன மல்லுத்துணி. வளையத்துல இழுத்துக் கட்டி, பெறகு நடுவுல பிளேடு போட்டு வட்டமா அறுத்திருக்கான். ஓரம் மட்டும் பசையில மாட்டிக்கிருச்சு.”

அக்கா பூதக்கண்ணாடியைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

எனக்கு இன்னும் விளங்கவில்லை. லிங்கம்மாளே எழுந்து, ஒரு துண்டு மல்லுத்துணி வெட்டிவந்தார். அக்கா அதை என் லென்ஸுக்கு முன்னால் விறைப்பாக இழுத்துப் பிடித்தார். “அக்கா, அந்த நாக்காலியில உக்காருங்க. வாசல் வெளிச்சம் மூக்குத்தியில படணும். தம்பி, எடுங்க.”

எடுத்தேன். திரையில் பெரிதாக்கினோம். லிங்கம்மாளின் மூக்குத்தியில் நாலு கால் நட்சத்திரம். கால்கள் பாசி கோத்த மாதிரி, புள்ளி புள்ளியாக.

அக்கா மெதுவாகப் பேசினார், ஒவ்வொரு சொல்லையும் சோதித்துப் பார்த்து. “நட்சத்திர ஃபில்டர் வாங்க வழியில்லாத வரைக்கும் காளிராஜ் அண்ணன் துணிய வச்சே நட்சத்திரம் போட்டிருக்காரு. நெசவு ஊரு, துணிக்கா பஞ்சம்? எண்பது ஆயுத பூஜைக்கு நெசமான ஃபில்டர் வந்துருச்சு. அதுக்கு லென்சு வாய் பத்தல. துணிய அறுத்துட்டு, அது கட்டுன அதே வளையத்த இதுல ஒட்டிட்டாரு. ஒட்டுனப்புறம் துணி கட்ட வளையம் இல்ல, கட்ட வேண்டிய அவசியமும் இல்ல. அதனால இந்தப் புள்ளி நட்சத்திரம் விழுந்த படம், ஆயுத பூஜைக்கு முன்னால எடுத்தது.” நிறுத்திவிட்டு, பாலமணிகண்டனைப் பார்த்துக் கேட்டார். “ஒங்கம்மா இந்த ஊருக்கு வந்தது எப்பண்ணே?”

“எண்பத்தொண்ணு ஆவணி” என்றார் அவர். சொல்லி முடித்ததும் அவருக்கே கேட்டுவிட்டது.

லிங்கம்மாள் நாற்காலியிலிருந்து எழவில்லை. தம்பி கீழே சாய்த்திருந்த படத்தை எடுத்தார். ஒருமுறை படத்தையும் ஒருமுறை தன் அக்காவையும் பார்த்தார். அந்தச் சிரிக்கலாமா வேண்டாமா என்கிற முகம் இரண்டிலும் இருந்தது. அவர் படத்தை லிங்கம்மாள் மடியில் வைத்தார்.

“இந்தா. ஒங்கம்மா.”

லிங்கம்மாள் இரண்டு கையாலும் பிரேமைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இத்தன வருசமும் எங்கம்மா இதச் சேலைக்கு அடியில வச்சிருக்கு” என்றார் பாலமணிகண்டன். “நமக்குக் காட்டவே இல்லையேக்கா. ஏன்?”

“தெரியலடா. சின்னம்மாவுக்கு அவுக அக்கால்ல. சின்னம்மாவுக்கும் வேணுமில்ல பாக்க.”

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுத்தியலைத் தேடினார். “இன்னொரு ஆணி அடிக்கணும். ரேசன் கார்டு படத்தக் குடுத்தா பிரேம் கடைக்காரன் புதன்கிழமைக்குள்ள பெருசாக்கிருவானா தம்பி?” என்று என்னைக் கேட்டார். நான் செய்துதருகிறேன் என்றேன்.

கிளம்பும்போது அக்கா பிஸ்கட் டின்னைத் திறந்து அந்த ஃபில்டரை லிங்கம்மாளிடம் நீட்டினார். “இது ஒங்களுக்குத்தான் சேரணும்க்கா.”

“நான் அத வச்சு என்ன செய்ய? தறியில மாட்டவா? எனக்குப் படம் போதும். நீயே வச்சுக்க.” பிறகு வாசல்வரை வந்து, கடைசியாக ஒன்று சொன்னார். “அந்தப் பிசிறு மட்டும் இருக்கட்டும். சுத்தம் பண்ணுறேன்னு தொடைச்சிராத தங்கச்சி.”

திருச்சுழி வரை நானும் கூடப் போனேன். பஸ்ஸில் ஏறியதும் அக்கா நோட்டை எடுத்தார். வழியெல்லாம் குலுக்கல், எழுத்துக் கோணல்மாணலாக விழுந்தது. காளிராஜ் ஸ்டூடியோ வரியில், வருஷக் கட்டத்துக்குப் பக்கத்தில் இடமில்லாமல் ஓரத்தில் எழுதினார்: ‘பின்வளையத்தில் மல்லுத்துணி. பாவும் ஊடையும் உண்டு. கண்டது லிங்கம்மாள்.’ எழுதிவிட்டு, டின்னைத் திறந்து எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்.